கல்லீரல் வைரஸ் இருப்பவர்கள் சர்க்கரையையும் மனசையும் எப்படிப் பார்த்துக்கொள்வது

2019 தை மாசம், சம்பா அறுப்பு முடிந்த கையோடு குடலிறக்க ஆபரேஷனை முடித்துவிடலாம் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. உடனே என் ஃபைலின் மேல் சிவப்பு மையில் ஏதோ எழுதினார்கள். அதுவரை "சார், சாப்டீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று பேச ஆரம்பித்தார். சாயங்காலம் "இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், பெரிய டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த டாக்டர், எதற்கு, ஒன்றும் சொல்லவில்லை. பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் 'ஆன்டி எச்சிவி: ரியாக்டிவ்' என்ற வரி கண்ணில் பட்டது. ஹெபடைட்டிஸ் சி, கல்லீரலைத் தாக்குகிற வைரஸ். எனக்கு அப்போது வயசு 48.

அதற்கு முந்தின இரண்டு வருஷத்தை இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி தெரிகிறது. நடவு நாளில் வரப்பில் நின்றாலே கால் துவளும். என் உரக்கடைக் கணக்கில் ஒரே பில்லை இரண்டு தடவை எழுதுவேன். சர்க்கரை எல்லையைத் தாண்டப் பார்க்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னார். ராத்திரி தூக்கம் வராது, பகலில் எரிந்து விழுவேன். "என்னங்க, முன்ன மாதிரி இல்லை நீங்க" என்று வீட்டில் சொன்னதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டேன். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்கு ஒரு மருந்துக்கடை, சோம்பலுக்குச் சொந்தக்காரர்களின் அறிவுரை. இதெல்லாம் ஒரே இடத்திலிருந்து வரலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நாள்பட்ட வைரஸ் தொற்று என்றால் நம் ஊரில் கல்லீரல் நோய் என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். அது உடம்பு சோற்றையும் கொழுப்பையும் செலவழிக்கிற விதத்தையும், மூளையையும் சேர்த்தே தொடுகிறது. சி வகையில் இது ரொம்பத் தெளிவாகத் தெரியும் என்பதாலும், நானே அனுபவித்தது என்பதாலும் அதை வைத்தே எழுதுகிறேன். இன்னொரு கல்லீரல் வைரஸான ஹெபடைட்டிஸ் பி வகைக்கு எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கங்கே சொல்கிறேன்.

ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

'ஆன்டி எச்சிவி ரியாக்டிவ்' என்றால் உங்கள் உடம்பு எப்போதோ ஒரு நாள் அந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வைரஸ் தொற்றியவர்களில் ஏறக்குறைய 100-க்கு 30 பேருக்கு மருந்தில்லாமலே அது போய்விடும், எதிர்ப்புப்பொருள் மட்டும் அடையாளமாக நிற்கும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது எச்சிவி ஆர்என்ஏ என்கிற பரிசோதனை, லேபில் பிசிஆர் என்பார்கள். அதைச் செய்யாமல் அழவும் வேண்டாம், மருந்து வாங்கவும் வேண்டாம். இதைத் தெரியாமல் நான் பதினோரு நாள் உயில் எழுதுகிற மனநிலையில் இருந்தேன். கடைசியில் எனக்கு வைரஸ் இருந்தது என்பது வேறு விஷயம்.

அதே ரத்தத்தில் பி வகைக்கான எச்பிஎஸ்ஏஜி பரிசோதனையையும் கட்டாயம் செய்துவிடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து, கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்று ஒரு தோராயக் கணக்கை வீட்டிலேயே போடலாம். பெயர் ஃபிப்-4. இதற்கு வேண்டிய எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ரத்தத்தில் பார்க்கிற கல்லீரல் என்சைம் அளவுகள். வயதை எஸ்ஜிஓடி அளவால் பெருக்குங்கள். அதைத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் மறுபடி வகுங்கள். தட்டணு 1,90,000 என்றால் கணக்கில் 190 என்று போட வேண்டும். என்னுடையது: வயது 48, எஸ்ஜிஓடி 62, தட்டணு 190, எஸ்ஜிபிடி 80. 48-ஐ 62-ஆல் பெருக்கினால் 2976. 80-இன் வர்க்கமூலம் 8.94, அதை 190-ஆல் பெருக்கினால் 1699. ஆக 2976-ஐ 1699-ஆல் வகுக்க 1.75. இது 1.45-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 3.25-க்கு மேலே போனால் கவலைப்பட வேண்டியது, நடுவில் நின்றால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். நான் நடுவில் நின்றேன், ஸ்கேன் எடுத்தேன், சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை, இல்லை என்று வந்தது. உரக்கடைக் கால்குலேட்டரில் போட்ட அந்தக் கணக்குதான் எனக்குக் கிடைத்த முதல் தைரியம். இது எங்கோ நடக்கிற சாபம் அல்ல, எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று என்று தோன்றியது அப்போதுதான்.

எங்கேயிருந்து வந்தது என்று தேடுவதில் ஆறு மாசத்தைத் தொலைத்துவிடாதீர்கள், நான் தொலைத்தேன். சின்ன வயசில் காய்ச்சல் என்றால் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து கண்ணாடி ஊசியை எவர்சில்வர் டப்பாவில் சுடவைத்துப் போடுவார், தெருவுக்கே அதே ஊசி. அதுவாக இருக்கலாம். அக்காவுக்குப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றிய மாதிரி எனக்கு ஏற்றியதில்லை. சலூன் கத்தியாகவும் இருக்கலாம். இந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989-இல்தான், அதற்கு முன் யாரும் ரத்தத்தில் இதைத் தேடியிருக்கவே முடியாது. இறந்துபோன கம்பவுண்டர் மேல் கோபப்பட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

சர்க்கரை ஏன் ஏறுகிறது, என்ன செய்வது

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை மடையை வைத்துச் சொன்னால் போதும். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடுகிறது, ஆனால் வயல் மடை அடைந்து கிடக்கிறது என்றால் பயிர் வாடும், வாய்க்கால் கரை வழியும். இன்சுலின்தான் மடையைத் திறக்கிற ஆள். சி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு இன்சுலின் சொல்வது செல்லின் காதில் விழாதபடி செய்கிறது. கூடவே நாள்பட்ட அழற்சி வேறு. கணையம் இன்னும் அதிக இன்சுலினை அனுப்பிப் பார்க்கிறது, சில வருஷத்தில் அதுவும் களைத்துப்போகிறது. அதனால்தான் சி வகைத் தொற்று இருப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, ஒல்லியாக இருப்பவர்களுக்குக்கூட. ரத்தத்தில் சர்க்கரை இருந்தும் உடம்பு சோர்ந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொழுப்பு விஷயம் இன்னும் வேடிக்கையானது. கொள்முதல் நிலையத்திலிருந்து கிளம்புகிற லாரியில் நெல் மூட்டைக்கு நடுவே ஒளிந்துகொண்டு ஊர் தாண்டுகிறவன் மாதிரி, இந்த வைரஸ் கல்லீரலிலிருந்து வெளியே போகும் கொழுப்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்துக்குள் போகிறது. அதனால் பலருக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் குறைவாகவே காட்டும். எனக்கு 72 இருந்தது, பெருமையாக இருந்தேன். அது என் உடம்பின் ஒழுக்கம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சி வைரஸில் பல வகை உண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படும் 3-ஆம் வகை தானாகவே கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும், தொப்பை இல்லாவிட்டாலும்.

இனி செய்ய வேண்டியது. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யை மட்டும் நம்பாதீர்கள். சில வகை ரத்தசோகையோ முற்றிய கல்லீரல் நோயோ இருந்தால் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம். வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு 118-உம் 172-உம் வந்தது. நீரிழிவின் வாசற்படி.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் ஊரில் சோற்றை விடு என்று சொல்கிற டாக்டரை யாரும் இரண்டாவது தடவை பார்க்கப் போவதில்லை, அதனால் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் செய்து பாருங்கள்: உங்கள் தட்டில் விழுகிற சோற்றைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நான் நிறுத்தபோது மதியத்துக்கு மட்டும் 520 கிராம். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து, ஆக ஒரே வேளையில் 145 கிராம். சாம்பாருக்கு ஒரு தடவை, வத்தக்குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு, மோருக்கு என்று நாலு தடவை போட்டுக்கொள்கிறோம், ஒவ்வொரு தடவையும் 'கொஞ்சம்'தான். வீட்டில் பேசி ஒரு கிண்ணத்தை அளவாக வைத்தோம், 250 கிராம் பிடிக்கிற கிண்ணம், அதை நாலு குழம்புக்கும் நானே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மீதி இடத்தை வாழைத்தண்டு, அவரை, கீரை எதனாலாவது நிரப்ப வேண்டும். முதல் வாரம் வயிறு காலியாகவே இருந்த மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. மாப்பிள்ளை சம்பா மாதிரிப் பழைய ரகங்கள் நல்லவைதான், ஆனால் சிவப்பரிசி என்ற தைரியத்தில் இரண்டு மடங்கு சாப்பிட்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். இதை என் மச்சானிடம் இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை.

பட்டினி போடாதீர்கள். மஞ்சள் காமாலை என்றாலே உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், மோர்சோறு மட்டும் என்று மாசக்கணக்கில் பத்தியம் வைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நாள்பட்ட கல்லீரல் நோயில் அது தசையைக் கரைத்துவிடும், தசை போனால் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ள இடமும் போகிறது. சிரோசிஸ் வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், ராத்திரி படுக்கும் முன் ஏதாவது சிற்றுண்டியும் வேண்டும். சம்பா தாளில் விதைக்கிற உளுந்தும் பயறும், முட்டையும், குளத்துக் கெண்டையும் இருக்கும்போது புரத மாவு டப்பா வாங்க வேண்டிய அவசியம் இல்லை. இரும்புச்சத்து டானிக்கை மட்டும் களைப்புக்கென்று நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். இந்த நோயில் கல்லீரலில் இரும்பு ஏற்கெனவே கூடியிருக்கலாம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு, கும்பகோணத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் எழுதி வைத்த மாதிரி. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றன. சர்க்கரை போடாத டிகிரி காபி இரண்டு மூன்று டம்ளர் தாராளமாக. தூக்கம் கெடும் என்றால் மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சாராயத்துக்கு அப்படி ஒரு செய்தியும் இல்லை, 'வாரத்துக்கு ஒரு தடவைதான்' என்பதற்கும் இல்லை.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள்

கேட்காத ஆள் இல்லை. வரப்பில் முளைத்துக் கிடக்கிறது, அத்தை அரைத்து மோரில் கலக்கித் தயாராக வைத்திருப்பார். இதை வெறும் பாட்டி வைத்தியம் என்று நான் ஒதுக்க மாட்டேன். பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பெர்க்கும் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பி வைரஸைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போனது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் அதேபோல் வரவில்லை. அதுவும் பி வகைக்கு, சி வகைக்கு அல்ல. அதனால் அத்தையின் மனசு நோகாமல் ஒரு வாய் குடிப்பதும் குடிக்காததும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் தப்பு. பெயர் தெரியாத லேகியம், பஸ்பம் கிட்டேயே போகாதீர்கள்.

மனசு

இதை எழுதத்தான் ஆரம்பித்தேன், சர்க்கரையிலேயே பாதி போய்விட்டது.

சி வைரஸ் இருப்பவர்களுக்குச் சோர்வு, மறதி, கவனம் நிற்காமை, மனச்சோர்வு அதிகம் என்பது கல்லீரல் நன்றாக இருக்கும்போதே தெரிகிற விஷயம். காரணம் ஒன்றல்ல. வைரஸை எதிர்த்து உடம்பு ஓயாமல் அழற்சி வேதிப்பொருட்களைச் சுரக்கிறது, அவை மூளைக்கும் தகவல் கொண்டுபோகின்றன. காய்ச்சல் வந்த அன்று யாரோடும் பேசப் பிடிக்காமல் போர்த்திப் படுக்கிறோமே, அந்த நிலை மெலிதாக வருஷக்கணக்கில் நீடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மனநிலையைச் சீராக வைக்கும் செரட்டோனினை மூளையில் செய்ய வேண்டிய டிரிப்டோஃபான் என்ற மூலப்பொருளை அழற்சி வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. இதற்கு ஒரு சாட்சியும் உண்டு: முன்பு இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் என்ற ஊசி போட்டார்கள், அது உடம்பு தானே சுரக்கிற அழற்சிப் பொருளில் ஒன்று. போட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார்கள். அந்த ஊசி இப்போது சி வகைக்குத் தேவைப்படுவதில்லை. அதற்கு மேல் பயம், செலவு, தனி டம்ளர்.

ஆகவே முதல் வேலை, எது எது என்று பிரித்துப் பார்ப்பது. படுத்து எழுந்தும் போகாத களைப்பு, ஆனால் பேரக்குழந்தை வந்தால் சந்தோஷம் வருகிறது என்றால் அது பெரும்பாலும் உடல் சோர்வு. சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள்: போன இரண்டு வாரத்தில், வழக்கமாகப் பிடித்த எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனசு உடைந்து, விடிவில்லை என்று தோன்றியதா? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்கு 5 வந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே பேசுங்கள். வீட்டில் பூச்சிமருந்து வைத்திருக்கிற நம்மைப் போன்ற குடும்பங்கள் அதை அந்த நாட்களில் வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். நான் என் கடைச் சாவியைக் கொஞ்ச நாள் தம்பியிடம் கொடுத்திருந்தேன், காரணம் சொல்லாமலே அவனுக்குப் புரிந்தது.

மனநல மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று பயந்து நிறுத்தாதீர்கள். பெரும்பாலானவற்றை அளவு பார்த்துக் கொடுக்க முடியும், டுலாக்செட்டின் மாதிரி ஒன்றிரண்டைத்தான் கல்லீரல் நோயில் தவிர்ப்பார்கள். உங்கள் கல்லீரல் ரிப்போர்ட்டை அந்த டாக்டரிடம் காட்டினால் போதும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது மனசு மாதிரி வேஷம் போட்டு வரும், ஆனால் அவசரம். சிரோசிஸ் முற்றியவர்களுக்குக் கல்லீரல் வடிகட்டாத நச்சு மூளைக்கு ஏறிவிடும். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குவது முதல் அடையாளம். அப்புறம் கையெழுத்து கோணும், கையை நீட்டி விரல்களை நிமிர்த்தச் சொன்னால் கொக்கு இறக்கை அடிக்கிற மாதிரி துடிக்கும், சட்டைப் பட்டனை மாற்றிப் போடுவார், பேச்சு ஒன்றுக்கொன்று ஒட்டாது. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரியவரை இதற்காகக் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைந்தார்கள், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மலச்சிக்கலைச் சரிசெய்யும் சிரப் கொடுத்து, கிருமித் தொற்றுக்கு மருந்து போட்டதும் தெளிந்து உட்கார்ந்து காபி கேட்டார். மலச்சிக்கல், தொற்று, ரத்த வாந்தி, தூக்க மாத்திரை இவையெல்லாம் இதைக் கிளப்பிவிடும். சிரோசிஸ் உள்ளவர் வீட்டில் தினமும் காலை ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். எழுத்து மாறினால் அன்றைக்கே கிளம்புங்கள். தூக்கத்துக்கென்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கவே கூடாது.

வீட்டில் என்ன சொல்வது? எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். கூட இருப்பவர்களிடம் முழுசாகச் சொல்லுங்கள். சேர்ந்து சாப்பிட்டாலும், ஒரே டம்ளரில் குடித்தாலும், தொட்டாலும், இருமினாலும் சி, பி இரண்டும் பரவாது. சவரக் கத்தி, பல் பிரஷ், நகவெட்டி தனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பி வகை உடலுறவிலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் எளிதாகப் போகும், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, குடும்பம் முழுக்கப் பரிசோதித்துப் போட்டுக்கொள்ளுங்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது. என் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு, எனக்கென்று நானே ஒதுக்கி வைத்திருந்த தட்டை எடுத்துப் பரணில் போட்டார். ஒன்றும் பேசவில்லை.

மாத்திரை சாப்பிடும் 12 வாரம்

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சி வைரஸை ஒழிக்கிற சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை 1000 டாலர். இங்கே 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சிரோசிஸ் இல்லாதவர்களுக்குச் சோஃபோஸ்புவிரோடு டக்ளட்டாஸ்விர், சிரோசிஸ் இருந்தால் பெரும்பாலும் வெல்பட்டாஸ்விர். 100-க்கு 95 பேருக்கு மேல் வைரஸ் ஒழிகிறது. 84 நாள், ஒரு நாளும் விடாமல். நான் நாள்காட்டியில் தேதித்தாளைக் கிழிப்பதற்கு முன் மாத்திரை என்று வைத்துக்கொண்டேன்.

கவனிக்க வேண்டியவை சில. பி வைரஸும் கூடவே இருந்தால், சி ஒழிகிறபோது அதுவரை அடங்கிக் கிடந்த பி தலைதூக்கும், கல்லீரலையே செயலிழக்கச் செய்யலாம், ஆரம்பத்தில் அந்தப் பரிசோதனையைக் கேட்கச் சொன்னது அதற்குத்தான். வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இருந்தால் இந்த மருந்து வேலை செய்யாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து. வெல்பட்டாஸ்விர் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், நாமோ பிரியாணிக்கு முன்னும் பின்னும் கேஸ் மாத்திரை போடுகிற ஜாதி, அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, வைரஸ் குறையக் குறைய மடை திறந்துகொள்வதால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். முதல் மாசம் அடிக்கடி அளந்து பாருங்கள், கையில் ஒரு கடலைமிட்டாய் இருக்கட்டும்.

பி வகைக்காரர்களுக்கு இந்த 12 வாரக் கதை பொருந்தாது. டெனோஃபோவிர், என்டகாவிர் மாதிரி மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும், பலருக்கு வருஷக்கணக்கில் தேவைப்படும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தினால் வைரஸ் திரும்பி வந்து கல்லீரலைத் தாக்கும்.

முடிந்த பிறகு

கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 வாரம் கழித்து மறுபடி ஆர்என்ஏ பரிசோதனை. அதில் இல்லை என்று வந்தால் குணம். எனக்கு வந்தது. களைப்பு மறுநாளே போகவில்லை, நாலைந்து மாசத்தில் மெல்லத் தேய்ந்தது, பில்லை இரண்டு தடவை எழுதுவது நின்றது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 102-க்கு இறங்கியது. எல்டிஎல் மட்டும் 72-லிருந்து 121-க்கு ஏறியது! லாரியில் ஒளிந்திருந்தவன் இறங்கிவிட்டான், உண்மையான எடை தெரிகிறது. பசி திரும்பி வந்து நாலு கிலோ கூடினேன். வைரஸ் போயும் கொழுப்புக் கல்லீரலோடு பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், ஆகவே கிண்ணத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று மாசம் கழித்துக் கொழுப்பையும் சர்க்கரையையும் மறுபடி பாருங்கள். மனநல மாத்திரையை டாக்டர் சொல்கிற வேகத்தில்தான் குறைக்க வேண்டும். சிரோசிஸ் இருந்தவர்கள் குணமானாலும் ஆறு மாசத்துக்கு ஒரு முறை கல்லீரல் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், புற்றுநோய்க் கட்டி வருகிறதா என்று பார்க்க. ஒரு தடவை குணமானால் மறுபடி தொற்றாது என்பதும் இல்லை, சலூனில் புது பிளேடு கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. எதிர்ப்புப்பொருள் பரிசோதனை ஆயுசுக்கும் 'ரியாக்டிவ்' என்றே காட்டும். ஆர்என்ஏ இல்லை என்ற ரிப்போர்ட்டை லேமினேட் செய்து, போனிலும் படமெடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் தை முடிந்து வேறொரு ஆஸ்பத்திரியில் அதே குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனேன். சின்னப் பெண், நர்ஸ், ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. பையிலிருந்து லேமினேட் அட்டையை எடுத்து நீட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"சரி சார், இடது கையை நீட்டுங்க" என்று கட்டிலோரம் உட்கார்ந்து நரம்பைத் தேட ஆரம்பித்தார்.